பொதிகை வானில் அகத்தியர்

சாரல் காலத்தில் ஐந்தருவிக்கு வருகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் மேகம்தான். மாசி மாதம், இரவு எட்டரை மணிக்கு, மரக்கிளை மறைக்காத இடமாகத் தெற்கு நோக்கி நின்றால் இரண்டு வெள்ளொளிகள் தெரியும்.

மேலே இருப்பது சிரியஸ். இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். கீழே, அடிவானிலிருந்து ஏறத்தாழ 28 டிகிரி உயரத்தில், இரண்டாமிடத்துக் கனோபஸ். நம்மவர்க்கு அது அகத்திய நட்சத்திரம். பொதிகை முனிவரின் பெயர் அதற்கு. லண்டன்காரர்களுக்கோ அது உதிப்பதே இல்லை.

இந்தத் தரவரிசை நம் கண்ணுக்கு மட்டும்தான். சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு ஒளிர்கிறது. அகத்தியரோ ஏறக்குறைய 310 ஒளியாண்டுக்கு அப்பால். ஒளி சூரியனைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். சிரியஸ் இருக்கும் தூரத்துக்கு அவரைக் கொண்டுவந்தால், அருவிப் பாறைகளில் நிலா இல்லாமலே நிழல் விழும்!

உச்சிக்கருகே சிவந்திருப்பது திருவாதிரை. சிரியஸின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 10,000 டிகிரி. திருவாதிரைக்கு 3,500 அளவுதான், அதனால்தான் அந்தச் சிவப்பு. 2019 இறுதியில் இது மங்கத் தொடங்கியதும், வெடிக்கப் போகிறதென்று உலகமே பேசியது. மங்கியதற்குக் காரணம், அது தானே கக்கிய தூசி. 2020 கோடைக்குள் பழைய ஒளி திரும்பிவிட்டது.