ரயில்வே கேட்டின் மேன்மை

சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய மின்சார டிராம், மாட்டுவண்டியோடும் பாதசாரியோடும் சமரசம் செய்துகொண்டு வீதியிலேயே சென்ற சாதுவான வாகனம். ரயிலோ நினைத்த மாத்திரத்தில் நிற்க இயலாத வேகமுடையதாதலால், அது சாலையைக் குறுக்கிடும் இடங்களில் மனிதன் ஒரு தர்மத்தை ஸ்தாபிக்க வேண்டியதாயிற்று. அதன் உருவமே ரயில்வே கேட்.

அந்தத் தர்மத்தின் அருமை விளங்கும் இடம் அரியலூர். ரயில் பாதையில்லாத பெரம்பலூரிலிருந்தும் பிரயாணிகள் நாடிவரும் அவ்வூர், விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே திருச்சிராப்பள்ளி செல்லும் கார்டு லைன் என்னும் குறுக்குப் பாதையில் இருக்கிறது. 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைத்ததால் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்த பெருந்துயரை அறிந்த பாதை அது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாத அச்சீமையில் கேட் காவலுக்குத் தனி மதிப்புண்டு.

நான் பெரிதும் வியப்பது கேட்டுப் பூட்டின் சூட்சுமத்தை. சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில், கதவு முற்றும் அடைபட்டுப் பூட்டப்பட்டாலன்றி ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. சிக்னல் கொடுத்தபின், கேட் காவலர் மறதியாய்த் திறக்க முயன்றாலும் கதவு இணங்காது. அத்தகைய பிணைப்பில்லாத கேட்டிலோ, ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் வண்டி வரவைச் சொல்ல, கேட்டை அடைத்த காவலர் ஓர் இரகசிய எண்ணைத் தெரிவிக்க, இருவரும் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கின்றனர். முகம் பார்த்திராத பிரயாணிகள் பொருட்டு நள்ளிரவிலும் வழுவாது நடைபெறும் அந்தக் காரியத்தைப் பரம சிரத்தையென்றே சொல்வேன்.