கார் மெழுகு: விலையும் தகுதியும்

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் கார் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் பேஸ்ட் வாக்ஸ் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும், பல ஆயிரத்துக்கும் கிடைக்கும். வாங்க வருபவர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "எதைப் போட்டா நல்லா பளபளக்கும்?" கடைக்காரர் எந்த டப்பாவை எடுத்து நீட்டினாலும் அது பொய்யாகாது. பூசித் துடைத்த அன்று எல்லா மெழுகும் பளபளக்கும். அதனால்தான் பளபளப்பை வைத்து மெழுகைத் தேர்ந்தெடுக்க முடியாது. காரின் பெயின்டுக்கு அது என்ன நன்மை செய்கிறது, எதைச் செய்ய இயலாது, என்ன கெடுதல் செய்யக்கூடும் என்று பார்த்தே அதன் தகுதியைச் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் மலிவான பேஸ்ட் வாக்ஸ் வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் மலிவாகக் கிடைக்கும் எல்லா டப்பாவும் அந்தத் தகுதிக்கு உரியதல்ல.

எதைக் காக்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். இன்றைய கார்களில் நிறம் தரும் பூச்சின் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற அடுக்கு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் வேதிப்பொருள்கள் அந்த அடுக்கில்தான் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் மினுமினுப்பும் அதனுடையதே. அது தேய்ந்துபோனால் கூரையும் பானெட்டும் வெளுத்து உரியத் தொடங்கும். அப்புறம் மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனவே ஒரு மெழுகு நல்லதா என்பதற்கு முதல் சோதனை, அது கிளியர் கோட்டைத் தின்னாமல் இருக்கிறதா என்பதே.

பேஸ்ட் வாக்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்தது கார்னூபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் பியாவி, சியாரா மாநிலங்களில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, மேலே படிந்திருக்கும் பொடியைத் தட்டி எடுத்து உருக்குகிறார்கள். ஏறக்குறைய 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் அது உருகும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. கடினமானது என்பதாலேயே அதைத் தனியாகக் காரில் தேய்க்க முடியாது. மென்மையான வேறு மெழுகுகளும் நாஃப்தா போன்ற கரைப்பானும் சேர்த்தால்தான் பஞ்சில் எடுத்துப் பூசும் பதம் வரும். ஆகவே அட்டையில் "100% கார்னூபா" என்று அச்சிட்டிருந்தால், டப்பா முழுவதும் அதுவே இருக்கிறது என்று பொருளாகாது. எத்தனை விழுக்காடு என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்வதே இல்லை. விலை உயர்ந்த டப்பாக்களில் மணம், நிறம், கண்ணாடிக் குப்பி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம்.

மலிவு மெழுகின் பலம் அதன் கணக்கில் இருக்கிறது. ஒரு நடுத்தரக் காருக்கு மெல்லியதாகப் பூசினால் 15 கிராம் அளவே செலவாகும். 200 கிராம் டப்பா பத்துத் தடவைக்கு மேல் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசினாலும் இரண்டு ஆண்டுக்குக் கவலையில்லை. மெழுகு பூசிய பரப்பில் தூசியும் சேறும் அவ்வளவாக ஒட்டுவதில்லை. கழுவும்போது எளிதில் விட்டுப்போகும். பறவை எச்சமும் மரப்பிசினும் முதலில் மெழுகின் மேல்தான் படும். அன்றே கழுவிவிட்டால் பெயின்டுக்குச் சேதம் குறையும். பூசுவதில் தவறு நேர்ந்தால்கூடப் பெரிய நட்டமில்லை. அழுத்தித் துடைக்கலாம், கழுவி எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போடும் செராமிக் கோட்டிங் பல மாதங்கள் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதைச் சரியாகப் போடாவிட்டால் இயந்திரம் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு நிழலில் நின்று தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய எளிய பாதுகாப்பு மெழுகு.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் குறை, ஆயுள். வெளியில் நிற்கும் காரில் ஒன்றிரண்டு மாதத்தில் மெழுகு போய்விடும். நம் ஊர் வெயிலில் கறுப்பு பானெட்டின் சூடு 70 டிகிரியை எட்டக்கூடும். கலவை மெழுகு அந்தச் சூட்டில் இளகிவிடும். இரண்டாவது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்ற வாக்குறுதி. ஒரு மைக்ரான்கூட இல்லாத படலத்திடம் அதைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வெயிலுக்கு மருந்து நிழல்தான். மூன்றாவது குறை போர் தண்ணீரில் கார் கழுவும் ஊர்களுக்கு முக்கியமானது. மெழுகின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து மகிழ்கிறோம். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த உப்புத் தண்ணீரானால், அந்த முத்து ஒவ்வொன்றும் வெயிலில் காய்ந்து ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுச்செல்லும். நாளானால் அந்தக் கறை பெயின்டிலேயே பதிந்துவிடும். மெழுகு பூசிய காரைக் கழுவியவுடன் ஈரம் போகத் துடைப்பது அதனால்தான் கட்டாயம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. மலிவு விலையில் விற்கும் பலவற்றில் மெழுகோடு நுண்ணிய உராய்வுத் துகளும் கலந்திருக்கும். "கிளீனர் வாக்ஸ்", "கீறல் நீக்கும் வாக்ஸ்" என்ற பெயரில் வருபவை இந்த வகை. துகள் கீறலின் விளிம்பைத் தேய்த்துச் சமன்படுத்துவதால் உடனே பளபளப்புக் கூடுகிறது. தேய்வது கிளியர் கோட்தான். வெயிலில் மங்கிய பழைய காருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இது பயன்படலாம். புதுக் காருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசினால், காப்பாற்ற வாங்கிய பொருளே காக்க வேண்டியதை அரிக்கிறது. வாங்குபவருக்கு இதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்பது பெரிய அநீதி. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் சிறிது மெழுகை மென்துணியால் தேய்த்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்க்கலாம். நுண்கீறல் விழுந்திருந்தால் அது உராய்வுத் துகள் கலந்தது. சில மெழுகுகளில் சிலிக்கோன் எண்ணெயும் இருக்கும். பின்னாளில் அந்த இடத்தில் பெயின்ட் அடிக்க நேர்ந்தால், சரியாக நீக்கப்படாத சிலிக்கோன் புதுப் பூச்சில் குழி குழியாக விழச் செய்யும்.

விலையைப் பற்றிப் பேசும்போது ஓலை வெட்டுபவரை மறக்கக் கூடாது. கார்னூபா தோட்டங்கள் சிலவற்றில் தொழிலாளர்கள் அடிமைக்கு நிகரான நிலையில் வைக்கப்பட்டிருந்ததைப் பிரேசில் அரசின் ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கழிப்பறை இல்லாமல் அவர்கள் வாழ்ந்ததை 2017இல் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி காட்டியது. டப்பாவின் விலை கூடினால் அவர்களுடைய கூலி கூடிவிடும் என்று நம்ப இடமில்லை. மெழுகு எங்கிருந்து வருகிறது, எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு. கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆகவே என் தீர்ப்பு இது. உராய்வுத் துகள் இல்லாத, சில நூறு ரூபாய் பேஸ்ட் வாக்ஸ் பெரும்பாலான காருக்குப் போதும். ஆயுள் குறைவு என்ற குறையை அதன் மலிவே ஈடுசெய்கிறது. தீர்ந்தால் மறுபடி பூசலாம். விலை உயர்ந்ததை வாங்காமல் மிச்சப்படுத்திய பணத்தைக் கார் ஷாம்புக்கும் மைக்ரோஃபைபர் துணிக்கும் செலவிட வேண்டும். ஏனென்றால் நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காரின் பெயின்டைக் கெடுப்பதில் முதலிடம் தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் நனைத்த ஒரே துணியால் வரிசையாகப் பல கார்களைத் துடைக்கும் வழக்கத்துக்குத்தான். மணல் ஒட்டிய அந்தத் துணி போடும் வட்டக் கீறல்களை எந்த மெழுகும் தடுக்காது. துடைப்பவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவருக்குக் கிடைப்பது அந்த வாளியும் அந்தத் துணியும்தான். தன் காருக்கென்று இரண்டு நல்ல துணியும், தூசியைத் தண்ணீர் ஊற்றி இறக்கிய பிறகே துடைக்கும் அவகாசமும், அதற்கேற்ற கூலியும் கொடுக்க வேண்டியவர் கார் வைத்திருப்பவர். அதைச் செய்தவருக்கே மலிவு மெழுகு முழுப் பலன் தரும்.