கூட்டம் எத்தனை மணிக்கு?

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று தமிழகம் 2016இல் சட்டம் இயற்றியது. நகர்ப்புற வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022இல் வந்தன. தெருவிளக்கு, கழிப்பறை, சாக்கடை பற்றிப் பெண்கள் பேச ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு? பகலில் கூட்டம் கூடினால் அவள் மலையில் இருப்பாள். அவளில்லாத கூட்டத்தில் ‘பெண்கள் பாதுகாப்பு’ என்ற சொல் வெறும் கேமராவாகச் சுருங்கிவிடும் என்பதே என் விமர்சனம். கேமரா நடந்ததைக் காட்டும்; ஜீப்புக்குக் காத்து நிற்கும் இடத்தின் இருட்டைப் போக்காது. அந்த இருட்டு எங்கே இருக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியும். பாதி நாற்காலிகளைப் பெற்றுவிட்டோம். இனிக் கூட்ட நேரத்தையும் கேட்போம்: அவள் மலையிறங்கி வந்த பிறகு பேச்சு தொடங்கட்டும்.