பட்டமும் பணியும்: கொருக்குப்பேட்டையிலிருந்து 'சாய்வு நாற்காலி'

குடும்ப வரலாற்று மலர்கள் அண்மைக் காலத்தில் நம்மவரிடையே மிகுதியாக வெளிவருகின்றன. நாம் வாசித்தவற்றுள் ஒரு பொதுத்தன்மை உண்டு. வமிசம் அரபகத்தில் தொடங்கும். அல்லது கப்பலுடைய மரைக்காயர் ஒருவரிடம் தொடங்கும். இடையில் வந்த பாட்டனார் என்ன வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார் என்பது மட்டும் விடுபட்டிருக்கும். இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள, தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யைக் காட்டிலும் தகுந்த துணை தமிழில் இல்லையென்றே கருதுகிறோம்.

1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலின் முஸ்தபாக்கண்ணு, தென்பத்தன் கிராமத்து சவ்தா மன்ஸிலின் வாரிசு. மன்னர் மார்த்தாண்டவர்மாவுக்குத் துணைநின்ற மூதாதையின் பெருமையே அவருக்குச் சோறு. நாற்காலியில் சாய்ந்தபடியே வீட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். முன்னோரின் பெயர், வீடு, அதிகாரம் யாவும் அவரிடம் வந்து சேர்ந்தன. உழைப்பு மட்டும் வந்து சேரவில்லை. வறுமையைவிட அருவருப்பான இந்தச் சோம்பலை ஆசிரியர் சிறிதும் இரக்கமின்றி எழுதுகிறார். அவரோ 2019இல் மறையும்வரை நெல்லையோடு பிணைந்து வாழ்ந்தவர். மிளகாய் வற்றல் வணிகம் செய்து பிழைத்தவர். அவருடைய முந்தைய நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யிலும் வடக்கு வீட்டு முதலாளியை எதிர்த்து நிற்பவன் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. ஒருவருக்கு வீடு அடைமொழி, மற்றவருக்குத் தொழில் அடைமொழி. இது தற்செயல் என நாம் நம்பவில்லை.

இந்நாவலை வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் இருந்து வாசிப்பது வேறோர் அனுபவம். அங்கே சாய்வதற்கு மூதாதையர் விட்டுச்சென்ற நாற்காலி ஏது? கடற்கரை நிலையத்திலிருந்து வரும் ரயில்பாதையும் பேசின் பாலத்துப் பாதையும் கூடுமிடம் அது. அருகே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர்வரை வெட்டப்பட்டு 1878இல் பக்கிங்காம் எனப் பெயர்பெற்ற கால்வாய். விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய தோணிகள் ஒருகாலத்தில் அதன் வழியாகவே பட்டினம் புகுந்தன. இங்கு ஒருவரின் பூர்வீகத்தைக் கேட்டால் துறைமுகம், சரக்கு யார்டு, ஆலை என்று வேலைத்தலத்தின் பெயரே விடையாக வரும். பக்கத்து வண்ணாரப்பேட்டையோ கும்பினியின் துணிகளை வெளுத்தவர்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. திருவொற்றியூரில் நேர்ந்தது இதற்கு மாறு. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலட் நெசவாளருக்காக அமைத்த குடியிருப்பு, அவர் பெயரால் காலட்பேட்டையாகி, மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. தறியில் அமர்ந்தவர்களுக்குப் பெயரில் இடமில்லை. நமது குடும்ப மலர்களும் பெரும்பாலும் காலட்பேட்டை முறையிலேயே எழுதப்படுகின்றன.

இஸ்லாமிய அறிவு மரபு இப்படிக் கூச்சப்பட்டதில்லை. வக்ஃபு சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்றை எழுதிய ஹனஃபி அறிஞர் (ஹிஜ்ரி 261இல் மறைந்தவர்) 'கஸ்ஸாஃப்', அதாவது செருப்புத் தைப்பவர், என்றே அறியப்படுகிறார். 'அஹ்காமுல் குர்ஆன்' இயற்றிய ஜஸ்ஸாஸின் பெயரில் சுண்ணச்சாந்து வேலை இருக்கிறது. ஹல்லாஜின் பெயரில் பஞ்சு கொட்டும் தொழில். ஹிஜ்ரி 562இல் மறைந்த ஸம்ஆனீ தமது 'அல் அன்ஸாப்' நூலில் குலப்பெயர், ஊர்ப்பெயர்களோடு தொழிற்பெயர்களையும் ஒரே அகரவரிசையில் வைத்தார். நம் மரைக்காயர், ராவுத்தர் பட்டங்களையும் மரக்கலத்தோடும் குதிரையோடும் அறிஞர்கள் தொடர்புபடுத்துகின்றனர். வேலையைக் குறித்த சொல்லைப் பட்டமாக்கிக்கொண்டு, பிறகு வேலையை மறைப்பது விந்தைதான்.

நாவலிடம் நமக்கு ஒரு குறையுண்டு. சவ்தா மன்ஸிலின் சரிவை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் கதை, அவ்வீட்டைத் தாங்கிய உழைப்பாளிகளின் வமிசத்தைத் தேடிச் செல்வதில்லை. வீட்டின் கதையாகவே முடிகிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து வாசிப்பவருக்கு அந்தப் பக்கங்கள் எழுதப்படாமல் கிடப்பது தெரியும். நிக்காஹ் பேச்சில் "என்ன குடும்பம்?" என்ற கேள்வி எழும்போது, மூட்டை சுமந்த தாதாவைப் பேரன் "துறைமுகத்தில் அலுவல்" என்று மாற்றிச் சொல்லும் அந்த நொடியைத் தமிழில் யாராவது நாவலாக்க வேண்டும்.