முழுகாத நாளின் கணக்கு

கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கிறது தமிழ். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் வராமல் போனதை முதலில் அறிபவள் அவளே. அந்த அறிதல்தான் இங்கே சொல்லாகியிருக்கிறது.

மருத்துவம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுகிறது. 28 நாள் சுழற்சியை அளவுகோலாகக் கொண்ட கணக்கு அது. கரு உருவாகாத முதல் இரண்டு வாரமும் அதில் சேரும். சுழற்சி ஒழுங்காக வராதவளுக்குத் தொடக்க மாதங்களில் ஸ்கேன் காட்டும் கருவின் நீளமே நம்பகமான சான்று, மறுக்கவில்லை.

ஆனால், 2021இல் திருத்தப்பட்ட நம் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம், சில வகையினருக்கு 24 வாரம் என எல்லை வகுக்கிறது. அப்போது இந்த வாரக்கணக்கே அவள் உரிமைக்குக் கெடு வைக்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணினோம் என்பதை அவளிடம் சொல்லியாக வேண்டும். முழுகாத நாளை முதலில் எண்ணியவள் அவள்தானே.