'எங்கள் ஊர்' கட்டுரையில் இல்லாத ஊர்

நடுநிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில் 'எங்கள் ஊர்' கட்டுரை எழுதாமல் தப்பித்தவர் யாராவது உண்டா? முன்னுரை, அமைவிடம், தொழில்கள், சிறப்புமிகு இடங்கள், திருவிழாக்கள், மக்கள் ஒற்றுமை, முடிவுரை. குறிப்புகளைப் பார்த்து நிரப்பினால் ஒன்றரைப் பக்கம் தேறிவிடும். புதுக்கடையில் நாங்கள் எழுதியதும் இதுதான். இயற்கை எழில் கொஞ்சும், மக்கள் அண்ணன் தம்பிகளாக வாழ்வார்கள். பெயரை மாற்றினால் போடிக்கும் பொருந்தும், பொன்னேரிக்கும் பொருந்தும்.

வாசிப்பும் அதே கதைதான். பத்தி ஒன்று, கீழே ஐந்து கேள்வி. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து வைக்க வேண்டும். கன்ட்ரோல்-எஃப் செய்கிற வேலை.

மென்பொருளில் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் ஒன்று தெரியும். கட்டம் இல்லாத தகவலை யாரும் அழிப்பதில்லை, அது உள்ளேயே வராது. பிழைச்செய்திகூடக் காட்டாது. 'மக்கள் ஒற்றுமை' என்று கட்டம் போட்டாயிற்று; ஊரில் நடந்த சண்டையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

புதுக்கடையில் எழுத வேண்டியது இருக்கிறது. திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடியவர்களை 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் இங்கே சுட்டது. அதே நாளில் மார்த்தாண்டத்திலும் சூடு. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்துக்கு வந்தது. தமிழுக்காகச் செத்த அந்த மனுசர்கள் பேசிய தமிழ் எது? 'எனக்க வீடு', 'வெள்ளம் தா', அக்கானி, மரச்சீனி, சக்கை. இதே சொற்களை அவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டுரை நோட்டில் எழுதினால் சிவப்பு மையில் வட்டம் விழும், பக்கத்தில் 'மலையாளம் கலக்காதே' என்று ஒரு குறிப்பும்.

பாடநூல் தயாரித்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2019-இல் வந்த ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் 'பேச்சுமொழியும் எழுத்துமொழியும்' என்றே ஒரு பாடம் உண்டு. வட்டார மொழியைப் பற்றி மரியாதையாகப் பேசுகிற நல்ல பாடம். ஆனால் 'வட்டார மொழி என்றால் என்ன?' என்று கேட்டு இரண்டு மார்க் போடுவதோடு அதன் ஆயுள் முடிகிறது. கட்டுரைப் பக்கத்துக்கு அது வந்து சேர்வதே இல்லை.

பக்கத்து ஊர்தான் தேங்காய்ப்பட்டணம். தோப்பில் முஹம்மது மீரான் அங்கிருந்துதான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதினார். அதுவும் 'எங்கள் ஊர்' கட்டுரைதான் என்பேன். ஆனால் ஒற்றுமைக் கட்டம் அதில் இல்லை. முதலாளி இருக்கிறார், அவருக்கு அஞ்சும் ஊர் இருக்கிறது, ஊருக்குள் பள்ளிக்கூடம் வருவதே பெரிய தகராறாக இருக்கிறது. அதன் மொழியில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் ஊர் கலைந்துவிடும். மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். தன் தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதினார். நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி தமிழ் எழுதப் படிக்கக் கற்றதே பதினெட்டு வயதுவாக்கில். எங்கள் மாவட்டத்தின் இரண்டு பெரிய உரைநடைக்காரர்களுக்கும் தமிழ்க் கட்டுரை வகுப்பு வாய்க்கவில்லை!

இதை வைத்துக்கொண்டு வகுப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் முதல்முதலாகப் பள்ளிக்கு வரும் பனையேறியின் பிள்ளைக்கு, மீன்காரியின் பிள்ளைக்கு, வெற்றுத்தாள் பயங்கரமானது. குறிப்புச்சட்டகம் கைப்பிடி கொடுக்கிறது, பாஸ் மார்க்கும் கொடுக்கிறது. என் வழக்கு கைப்பிடியோடு அல்ல. பிள்ளை கண்ணைத் திறந்து ஊரைப் பார்க்கும் முன்பே எதைப் பார்த்ததாக எழுத வேண்டும் என்று அது முடிவு செய்துவிடுவதோடுதான்.

குறிப்புகள் இருக்கட்டும், வேறு குறிப்புகளாக இருக்கட்டும். உங்கள் ஊரில் காலையில் முதலில் திறக்கும் கடை எது? அங்கே நிற்பவர்கள் என்ன பேசுகிறார்கள், அவர்கள் சொல்வது போலவே எழுது. யாரோடு யார் பேசுவதில்லை? இதற்கு விடைக்குறிப்பு அச்சடிக்க முடியாது. நாற்பது நோட்டையும் ஒரு டீச்சர் உட்கார்ந்து படித்தாக வேண்டும், அவருக்கு ஐந்து வகுப்பு வேறு இருக்கிறது.