மலையகப் புனைகதையில் ஆசிரியரின் உழைப்பு: சில அவதானிப்புகள்

மலையகத் தமிழிலக்கியத்தை உழைப்பின் இலக்கியம் என வருணிப்பது விமரிசகரிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கம். அவ்வழக்கம் தவறானதன்று. கொழுந்து பறித்தலும் கவ்வாத்து வெட்டுதலும் முள்ளுக் குத்துதலும் கான் வெட்டுதலும், தத்தம் கருவிகளோடும் அளவுகளோடும் கூலிக் கணக்குகளோடும் இவ்விலக்கியத்துட் புகுந்துள்ளன. ஆயின் இதே இலக்கியத்தில் அடிக்கடி எதிர்ப்படும் இன்னொரு தொழிலாளியை, அதாவது தோட்டப் பாடசாலை ஆசிரியரை, அது எவ்வாறு நோக்கியுள்ளது? ஆசிரியர் பேசுகின்றார், அறிவுறுத்துகின்றார், மனு எழுதிக் கொடுக்கின்றார், சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கின்றார். அவர் கற்பிப்பதை மட்டும் நாம் அரிதாகவே காண்கின்றோம். அவர் எவ்வாறு ஆசிரியரானார், அதற்கு எத்தனை ஆண்டு பிடித்தது, அச்செலவை யார் சுமந்தார் என்பன, நான் வாசித்த அளவில், ஏறத்தாழ முற்றாகவே விடுபட்டுள்ளன. இவ்விடுபாடு தற்செயலானதன்று. ஆசிரிய உழைப்பை மலிவாகப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இலக்கியம் அறியாமலே துணைபோயுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையை முதலில் நோக்குவோம். 1980 இல் வெளிவந்த அவரது தொகுதியும் இப்பெயரையே தாங்கியுள்ளது. ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையை மற்றவர்கள் நம்ப மறுக்கின்றனர். அவள்மீது பழி விழுகின்றது. அவள் தன் கைத்திறனைக் கொண்டே அப்பழியைத் துடைக்கின்றாள். கதையின் அமைப்பு எளிமையானது. ஆயினும் அதன் மையத்தில் ஒரு தராசு இருக்கின்றது. உழைப்பாளியின் மானம் அவளது திறனிலே தங்கியுள்ளது என்பதையும், அத்திறனை அளக்கும் அதிகாரம் வேறொருவர் கையில் உள்ளது என்பதையும் ராமையா பிரசங்கம் எதுவுமின்றி உணர்த்திவிடுகின்றார். விரல்களின் வேகமே கதையின் நிகழ்ச்சியாகின்றது. முற்போக்கு இலக்கியம் என்ற பெயரில் நாம் எழுதிக் குவித்த கதைகள் பலவற்றில் இல்லாத ஒன்று இது: தொழிலின் நுட்பமே கதையின் தருக்கமாதல்.

இத்தகைய ஒரு கதை ஆசிரியத் தொழிலைப் பற்றி ஏன் எழுதப்படவில்லை என்பதே எனது வினா. நாற்பது பிள்ளைகள், ஒரே மண்டபம், மூன்று வகுப்புகள், ஒரு கரும்பலகை என்ற சூழலில் எழுத்தறிவித்தல் கொழுந்து பறித்தலைக் காட்டிலும் நுட்பம் குறைந்த வேலையன்று. எனினும் அது 'சேவை' என்றும் 'பணி' என்றும் 'அர்ப்பணிப்பு' என்றும் பெயர் பெறுகின்றதேயன்றி வேலை எனப் பெயர் பெறுவதில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1960களில் மலையகத்தில் எழுந்த இளைஞர் விழிப்புணர்ச்சியும் எழுத்தியக்கமும் பாடசாலைகளோடு பின்னிப் பிணைந்தவை. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய இர. சிவலிங்கத்தின் செல்வாக்கை இத்தொடர்பில் எவரும் மறுக்கார். எஸ். எம். கார்மேகம் பொறுப்பிலிருந்த வீரகேசரியின் 'தோட்ட மஞ்சரி'யும், அக்காலச் சிறுகதைப் போட்டிகளும், பரிசுக் கதைகளைத் தாங்கி 1971 இல் வந்த 'கதைக் கனிகள்' தொகுதியும் ஒரு தலைமுறையை எழுத்துக்கு இழுத்துவந்தன. அத்தலைமுறையினருள் ஆசிரியர்களும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் கணிசமானோர். தெளிவத்தை ஜோசப்பின் தந்தையாரும் ஓர் ஆசிரியரே. லயத்து அறையின் நெருக்கடியை 'மீன்கள்' என்ற கதையில் அத்தனை கூர்மையோடு காட்ட வல்லவராயிருந்தவர் ஜோசப். தன் வர்க்கத்தின் உருவாக்கத்தைத் தானே நோக்குதல் எவருக்கும் கடினம். ஆசிரிய எழுத்தாளர் லயத்தைப் பார்த்தபோது அவரது கண் தெளிவாயிருந்தது, வகுப்பறையைப் பார்த்தபோது அது கண்ணாடியாகிவிட்டது. கண்ணாடியில் அவர் கண்டது தலைவரை.

தோட்டப் பாடசாலை தோன்றிய விதத்தையும் இங்கு கருத்திற் கொள்ளல் வேண்டும். 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. நிர்வாகமோ அதனை ஆகக் குறைந்த செலவில் நிறைவேற்றும் வழியைக் கண்டது. கங்காணி மகனோ சற்று எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரோ ஆசிரியரானார். கோயில் மண்டபமோ லயத்துக் காம்பராவோ பாடசாலையாயிற்று. தாய் மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளையை ஓரிடத்தில் இருத்தி வைத்தல் அப்பாடசாலையின் பொருளாதாரப் பயன். மூலதனம் முதலாம் பாகத்தில் மார்க்ஸ், பாடசாலை முதலாளியைச் செல்வனாக்குவதற்காகத் தன்னை வருத்திக்கொள்ளும் ஆசிரியரை உற்பத்தி உழைப்பாளிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது பலரும் அறிந்ததே; முதலாளி தன் பணத்தைச் சொசேஜ் தொழிற்சாலையில் இடாது கற்பித்தல் தொழிற்சாலையில் இட்டமையால் உறவு மாறிவிடுவதில்லை. தோட்டப் பாடசாலையில் கட்டணம் அறவிடும் முதலாளி இல்லை என்பது உண்மை. ஆயின் ஆசிரியரின் சம்பளம் தோட்டக் கணக்கிலேயே விழுந்தது. அவர் காத்த பிள்ளைகளின் தாய்மாரது கொழுந்தே தொழிற்சாலைக்குச் சென்றது. துரையின் அதிகாரத்துக்கு உட்பட்ட ஊழியராகவே அவர் வாழ்ந்தார். இவ்வளவு வெளிப்படையான உற்பத்தி உறவைக் கொண்ட ஒருவரை இலக்கியம் அறிவொளி ஏந்தியவராக மட்டும் கண்டமை வியப்புக்குரியது.

1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனுக்குப் புறத்தே நின்றன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு அரசாங்க ஆசிரிய நியமனம் கிடையாது. ஆகவே பயிற்சி பெற்ற ஆசிரியராதல் என்பது அறிவுத் தகுதியின் பிரச்சினையாவதற்கு முன்னர் பிரசாவுரிமைப் பத்திரத்தின் பிரச்சினையாயிருந்தது. பெருந்தோட்டங்கள் 1970களில் தேசியமயமாக்கப்பட்டன. தோட்டப் பாடசாலைகளை அரசு 1977 முதல் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பொறுப்பேற்ற பாடசாலைகளுக்கு ஆசிரியர் இல்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் முதல் நியமனம் பெற்று வந்தோர் பலர் மனமொப்பிக் கற்பித்தனர். இன்னும் பலர் இடமாற்றம் கிடைக்கும் வரை நாளெண்ணினர். இதனைத் தனிமனிதக் குறைபாடாகக் கண்டு முகஞ்சுளிக்கும் கதைகள் உண்டு. குளிரும் தனிமையும் விடுதி வசதியின்மையும் கொண்ட வேலைத்தலத்தில் எந்தத் தொழிலாளியும் அவ்வாறே நடந்துகொள்வான் என்ற எண்ணம் அக்கதைகளுக்குத் தோன்றவில்லை.

இதன் பின்னரே மலையக இளைஞர் ஆசிரியராவதற்கான வழிகள் சற்றே திறந்தன. கொட்டகலையில் அரசினர் ஆசிரியர் கலாசாலையும், அதனை அடுத்துள்ள பத்தனையில் 1990களின் முற்பகுதியில் ஜேர்மன் உதவியோடு எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் இவற்றுள் முக்கியமானவை. கல்வியியற் கல்லூரியில் ஈராண்டு உறைவிடக் கல்வியும் ஓராண்டு பாடசாலைப் பயில்வும் முடித்தவர் டிப்ளோமா பெறுவர். பல்கலைக்கழக வழி இதனினும் நீண்டது. பட்டம் பெற்றவர் நியமனத்தைப் பெற்றாலும், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிக்காதவரை பதவியுயர்வில் முன்செல்லல் இயலாது. பேராதனையும் கொழும்பும் அதனை வழங்குகின்றன. 1980 இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகமும் வழங்குகின்றது, அதற்கு ஹட்டனிலும் நிலையம் ஒன்றுண்டு. பகலில் கற்பித்து, வார இறுதியில் பஸ் ஏறிச் சென்று கல்வி உளவியலும் கல்வித் தத்துவமும் அளவீடும் மதிப்பீடும் கற்று, இரவில் ஒப்படை எழுதும் மனிதரின் வாழ்க்கை ஒரு நாவலுக்குப் போதுமானது. அந்நாவலை நான் இன்னும் காணவில்லை.

நிற்க. இலக்கியத்தின் மௌனத்துக்கும் அரசின் கொள்கைக்கும் என்ன தொடர்பு என வாசகர் கேட்கலாம். 2014-2015 காலப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 இளைஞர் 'ஆசிரிய உதவியாளர்' என்ற பெயரில் எடுக்கப்பட்டனர். வகுப்பறையில் அவர்கள் முழு ஆசிரியரின் வேலையைச் செய்தனர். ஆயினும் பயிற்சியை முடிக்கும் வரை இலங்கை ஆசிரியர் சேவைக்குப் புறத்தே நின்றனர். அவர்களுக்கு முதலில் வழங்கப்பட்டது மாதம் 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ஆயிற்று. அதனைச் சம்பளம் என்று அழைக்கவில்லை, கொடுப்பனவு என்றே அழைத்தனர். அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 2013 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 450 ரூபா. கணக்கு எளிது. பதினான்கு நாள் பேர் போட்ட தாயின் அடிப்படைக் கூலி, மாதம் முழுவதும் கற்பித்த பிள்ளையின் கொடுப்பனவை மிஞ்சிற்று. பயிற்சிக் காலத்தில் அப்பிள்ளையின் பஸ் கட்டணத்துக்கும் ஒப்படைத் தாளுக்கும் உடுபுடவைக்கும் கொழுந்துக் கூடையே பணம் கொடுத்தது. வேறு வகையாகச் சொல்வதாயின், அரசு ஏற்கவேண்டிய ஆசிரிய உருவாக்கச் செலவின் ஒரு பங்கைத் தோட்டத் தொழிலாளியின் கூலி ஏற்றது.

இவ்வேற்பாட்டை நியாயப்படுத்த அரசு புதிய சொல் எதையும் தேடவேண்டியிருக்கவில்லை. 'சமூகத்துக்குச் சேவை செய்யக் கிடைத்த வாய்ப்பு' என்ற பேச்சு அரைநூற்றாண்டாக மேடைகளிலும் கதைகளிலும் ஆயத்தமாயிருந்தது. வேலை எனப் பெயர் பெறாததற்குக் கூலி கேட்டல் சிறுமை எனப்படும். நம் மரபும் இவ்வகையில் தெளிவற்றதே. நன்னூற் பாயிரம் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுவதை ஆசிரியர் தின விழாக்களில் ஆண்டுதோறும் கேட்கின்றோம். அதே பாயிரம் பாடம் சொல்லத் தக்க மாணாக்கரை எண்ணுமிடத்தில், அரசன் மகனோடு பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் சேர்த்துள்ளமையை விழாப் பேச்சாளர் நினைவூட்டுவதில்லை. பவணந்தியார் பொருளாதாரத்தை மறைக்கவில்லை. மறைத்தவர் நாமே.

கற்பித்தலை உழைப்பென நோக்குதல் அதன் மாண்பைக் குறைத்துவிடும் என்ற மறுப்பை நண்பர்கள் சிலர் எழுப்புவதுண்டு. இடதுசாரிகளிடமிருந்து வரும் மறுப்பு வேறு: ஆசிரியர் குட்டிபூர்ஷுவா, அரசின் கருத்துநிலைச் சாதனத்தின் ஊழியர், அவரைத் தொழிலாளியோடு வைத்தெண்ணலாகாது என்பர். முதல் மறுப்புக்கு ராமையாவின் கதையே விடை. இரண்டாவதில் உண்மை உண்டு. தோட்டத்து ஆசிரியர் லயத்தை விட்டு வெளியேறியவர் என்பதும், வெளியேறியபின் திரும்பிப் பார்க்கக் கூசுபவர் உளர் என்பதும் மறுக்கற்பாலன அல்ல. ஆயினும் கற்பிப்போனும் கற்பிக்கப்படவேண்டியவன் என ஃபொயர்பாக் பற்றிய குறிப்புகளில் மார்க்ஸ் சொன்னதை நாம் தத்துவ வாக்கியமாக மட்டும் வாசித்துவிட்டோம். கற்பிப்போனைக் கற்பிப்பவர் யார், எந்தக் கட்டணத்தில் என்பது பௌதிக வினாவும் ஆகும். 2021 இல் ஆசிரியரும் அதிபரும் நாடளாவ மாதக்கணக்கில் நடத்திய சம்பள முரண்பாட்டுப் போராட்டம், வேலை என்ற சொல்லை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அதனைப் பற்றி மலையகத்திலிருந்து எழுதப்பட்ட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

கற்பித்தலை உழைப்பாகப் பதிவுசெய்யும் எழுத்து மலையகத்தில் முற்றாக இல்லை என்பதும் சரியன்று. ஆசிரிய மாணவரின் பாடக்குறிப்பு அத்தகையது. இலக்கிய விமரிசகர் எவரும் அதனை வாசிப்பதில்லை. நாற்பது நிமிடப் பாடவேளை அதில் படிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஆசிரியர் செய்வது ஒரு பக்கம், மாணவர் செய்வது மறுபக்கம், ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு. இறுதியில் சுயமதிப்பீட்டுக்குச் சில வரிகள் விடப்பட்டிருக்கும். தொழிற்சாலை வேலைநேர அட்டவணையை ஒத்த இவ்வடிவத்தினுள் எப்போதாவது வாழ்க்கை கசிந்து வருவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ் கற்பித்தற் பயிற்சியின் மேற்பார்வைக்காக நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலையொன்றுக்குச் சென்றிருந்தேன். நான்காம் வகுப்புப் பாடம். குறிப்புக் கொப்பியின் சுயமதிப்பீட்டில் அந்தப் பயிற்சி ஆசிரியை எழுதியிருந்தது ஏறத்தாழ இவ்வளவே: கொழுந்து மிகுந்த வாரம், தாய்மார் விடியுமுன்னரே பிரட்டுக்குப் போய்விட்டனர், பிள்ளைகள் பலர் சாப்பிடாமல் வந்திருந்தனர், அதனால் முதற் பத்து நிமிடமும் பிஸ்கட் பகிர்ந்தபின்னரே பாடத்தைத் தொடங்கினேன். பிஸ்கட் அவருடைய பணத்தில் வாங்கப்பட்டது என்பதைப் பின்னர் அதிபர் சொல்ல அறிந்தேன். அச்சுயமதிப்பீட்டின் ஓரத்தில் 'நேர முகாமை போதாது' எனச் சிவப்பு மையில் எழுதி, அப்பகுதிக்குரிய பத்துப் புள்ளிகளில் நான்கை இட்டவன் நானே. மலையகப் புனைகதையின் ஆசிரியப் பாத்திரங்களை 'முற்போக்குப் பாத்திரங்கள்' என்ற தலைப்பின்கீழ் வகைப்படுத்தி, ஒரு முழு இயலில் அவர்களது ஊதியத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் என் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை நான் சமர்ப்பித்தது அதற்கு முந்திய ஆண்டு.